எல்லாவற்றிலும் கொஞ்சம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஏதாவது விசேஷம் என்றால் முதலில் என்னைத்தான் தேடி வருவார்கள். திருவிழாவுக்குப் பாட்டு எழுத, பஜனைக்கு ஆர்மோனியம் வாசிக்க, ஆசிரியர் தினத்துக்கு நாடகம் போட, கல்யாண வீட்டில் படம் பிடிக்க, யாராவது இறந்துபோனால் பதாகையில் போட நான்கு வரி எழுதிக் கொடுக்க. எல்லாவற்றுக்கும் சரி என்றே சொல்வேன். மலையகத்தில் டயகமவுக்குப் போகும் வழியில் ஒரு தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். படிப்பித்த நேரம் போக மிச்சமெல்லாம் இப்படித்தான் போனது. ஒரு ஆளுக்குள் இத்தனை இருக்கிறதே என்று மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு நானும் அதை நம்பினேன்.

இப்போது யோசிக்கும்போது, நான் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் வீட்டின் பாரம் யார் முதுகில் ஏறியது என்பதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் மனைவியை நான் சந்தித்ததும் ஒரு நாடகத்தால்தான். பின்திரை வரைய ஆள் தேடிக்கொண்டிருந்தேன். டயகமவில் ஒரு பெண் நன்றாக வரைவாள் என்று சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை போனேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் ஒரு பாயை விரித்து, தான் வரைந்த பெரிய டிமைத் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பத்துத் தாள்கள் இருக்கும். பத்திலும் ஒரே காட்சி. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். அடுப்புக்கரியால் வரைந்திருந்தாள். ஒரு தாளில் மழை பெய்துகொண்டிருந்தது. இன்னொன்றில் ஒரு கிழவி பையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றபடி அதே வரிசை, அதே தராசு, அதே தகரக் கூரை.

எனக்கு அது விளங்கவில்லை. வேறு எதையாவது வரையலாமே, மலை இருக்கிறது, ஆறு இருக்கிறது, கோயில் இருக்கிறது, எதற்கு ஒன்றையே திரும்பத் திரும்ப வரைகிறீர்கள் என்று கேட்டேன்.

"இது இன்னும் சரியா வரலைங்க" என்றாள்.

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. ஆனால் பதிலைத்தான் பிடித்தது, அதில் என்ன இருந்தது என்பதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. பின்திரையை நன்றாக வரைந்து கொடுத்தாள். அடுத்த வருடம் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது.

என் அம்மாவின் லயத்து வீட்டுக்குத்தான் வந்தாள். படுக்க ஒரு காம்பரா, சமைக்க ஒரு குசினி, முன்னால் திண்ணை போலக் கொஞ்சம் இஸ்தோப்பு. ஜன்னல் ஒன்றுதான். ஜன்னலோரம் போட்டிருந்த மேசையில் என் ஆர்மோனியம், நாடகப் பிரதிகள், ஒரு பழைய கணினி. அவள் தரையில் பலகை போட்டு, அதன்மேல் தாளை வைத்து, குனிந்து வரைவாள். அவளுக்கு அப்படித்தான் வசதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டதில்லை.

கல்யாணமாகி இரண்டாவது வருடம் அம்மாவுக்கு அறுபது முடிந்து வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தோட்டத்து வீட்டில் இருக்க வேண்டுமென்றால் வீட்டிலிருந்து ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அக்கரப்பத்தனை டவுனில் வாடகைக்கு வீடு எடுக்கலாம். எடுத்தால் நான் பின்னேரங்களில் டியூஷன் வகுப்பு நடத்த வேண்டும். பின்னேரங்களில்தான் நாடக ஒத்திகை. அப்போது மாகாணப் போட்டிக்கு ஒரு நாடகம் பழகிக்கொண்டிருந்தோம். இரண்டு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தேன். மூன்றாவது நாள் காலையில் தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு, தானே பேர் பதிந்துகொள்வதாகச் சொன்னாள்.

"ஆறு மாசந்தான். இந்தப் போட்டி முடியட்டும்" என்றேன்.

இருபது வருடம் ஆகப்போகிறது. இன்றைக்கும் காலையில், ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

அவள் அதுவரை வெளியே நின்று பார்த்து வரைந்த வரிசைக்குள் இப்போது அவளே போய் நின்றாள். அதற்குப் பிறகு படங்கள் மாறிவிட்டன. முகங்கள் இல்லை. முன்னால் நிற்பவளின் பின்கழுத்து, தலையில் மாட்டிய கயிறு இழுத்த இழுப்பில் தெரியும் நரம்பு, முதுகில் தொங்கும் பையின் அடிப்பக்கம், அதிலிருந்து சொட்டும் தண்ணீர். தராசு எங்கோ தூரத்தில் ஒரு புள்ளியாக இருக்கும். கையில் கொழுந்துச் சாயம் ஏறி, விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைத்து, சமைத்து, அதற்குள் பிறந்துவிட்ட மகளைக் குளிப்பாட்டி முடித்த பிறகு வெடிப்புகளில் தேங்காயெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டுக் கரியை எடுப்பாள். ஒரு தாள் முடிய மூன்று ஞாயிறு ஆகும். நான்கும் ஆகும்.

அந்தக் காலத்தில் நான் என்னவெல்லாம் செய்தேன் என்று கேட்டால் சொல்லி முடியாது. நாடகம் இரண்டாம் இடம் வந்தது. அதோடு சலித்து, நாடகம் ஞாயிறு பின்னேரத்துக்கு மட்டும் என்றாகிவிட்டது. கினிகத்தேனையில் ஒருவரிடம் போய் மிருதங்கம் பழகினேன், எட்டு மாதம். கவிதைத் தொகுப்பு ஒன்றுக்கு முன்னுரை வரைக்கும் வாங்கி வைத்துவிட்டு, கவிதைகளைத் திருத்தாமல் விட்டேன். பிறகு கமெரா வந்தது. கமெரா வந்ததும் குறும்படம் எடுக்க வேண்டும் என்று தோன்றியது. ஒவ்வொன்றையும் தொடங்கும்போது எனக்கு உண்மையாகவே உடம்பில் ஒரு சூடு ஏறும். பொய்யில்லை. இதுதான் என்னுடையது, இதைத்தான் இவ்வளவு நாளும் தேடினேன் என்று தோன்றும். கஷ்டமான இடம் ஒன்று வரும். அந்த இடத்தில் இன்னொன்று என்னைக் கூப்பிடும். போய்விடுவேன்.

மகளுக்கு ஏழு வயதாக இருந்தபோது கொழும்பிலிருந்து ஒரு பெண்மணி எங்கள் கோயில் மண்டபத்துக்கு வந்தார். சிங்களப் பெண். ஓவியம் படிப்பிப்பவர். பிள்ளைகளுக்கு இரண்டு நாள் பட்டறை நடத்த வந்திருந்தார். நான்தான் மொழிபெயர்த்தேன். இரண்டாம் நாள் சாப்பிட வீட்டுக்கு அழைத்துப் போனபோது, சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பலகையையும் அதோடு கட்டியிருந்த தாள்களையும் பார்த்துவிட்டார். என்ன என்று கேட்டு, கட்டை அவிழ்க்கச் சொன்னார். சோறு ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் என் பக்கம் திரும்பாமல் அவளிடமே பேசினார். அவளுக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களம் போதுமாக இருந்தது. அடுத்த வருடத் தொடக்கத்தில் கொழும்பில் ஒரு கண்காட்சி, அதில் ஒரு அறை முழுக்க இவளுடைய படங்கள் மட்டும். இருபது தாள் வேண்டும். செப்டம்பரில் தானே வந்து எடுத்துப் போவதாகச் சொன்னார்.

அவர் போன பிறகு அவள் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாள். நான் போய்ப் பார்த்தபோது கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

மே மாதத்துக்குள் இருபத்து மூன்று தாள்கள் சேர்ந்துவிட்டன. அதில் பதினாறை நல்லது என்று சொன்னாள். மிச்சத்தைச் செப்டம்பருக்குள் மறுபடி வரைந்துவிடலாம் என்றாள்.

நான் அப்போது குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணின் கதை. பாடசாலை மண்டபத்தில் ஒரு காம்பரா போலச் செட் போட்டிருந்தோம். சுவர் வெறுமையாக இருந்தது. அவளுடைய படங்களை ஒட்டினால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு நாளைக்குத் தரச் சொல்லிக் கேட்டேன்.

"எல்லாத்தையுமா?" என்றாள்.

எல்லாம் இருந்தால்தான் சுவர் நிறையும் என்றேன். பிறகு பழைய ரெக்சின் துணியில் சுற்றி, இரண்டு பக்கமும் நாடா கட்டிக் கொடுத்தாள். ஆணி அடிக்க வேண்டாம், ஓரத்தில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள் என்று சொன்னாள். அப்படியேதான் செய்தேன். சுவர் அழகாக இருந்தது. எல்லோரும் பாராட்டினார்கள்.

இழுத்துக்கொண்டே போன படப்பிடிப்பு முடிந்த நாளில் மழை. படங்களின் கட்டை வீட்டுக்குக் கொண்டுபோனால் நனையும் என்று மண்டபத்துக்குப் பின்னாலிருந்த சாமான் அறையில், பிள்ளைகள் உட்காரும் பழைய வாங்குகளின்மேல் வைத்துப் பூட்டினேன். அது ஜூலைக் கடைசி. இரண்டொரு நாளில் பாடசாலை விடுமுறை விட்டார்கள். ஆடி மாதம். எந்தத் தோட்டத்தைப் பார்த்தாலும் திருவிழா. பஜனைக் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். நானும் ஊர் ஊராகப் போனேன்.

அவள் மூன்று தரம் கேட்டாள். முதல் தரம் பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறது என்றேன். இரண்டாம் தரம் திங்கட்கிழமை எடுத்து வருகிறேன் என்றேன். அந்தத் திங்கட்கிழமை எனக்குப் பட்டிப்பொல பக்கத்தில் ஒரு கோயிலில் வாசிப்பு இருந்தது. மூன்றாம் தரம் அவள் கேட்டபோது வெளியே காற்று லயத்துத் தகரத்தைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கிழமையாக அப்படித்தான் மழையும் காற்றும்.

"சாவியைத் தாங்க. நானே போயி எடுத்துக்கிறேன்" என்றாள்.

நானும் கூடப் போனேன். சாமான் அறையின் கதவைத் திறந்தபோதே வெளிச்சம் அதிகமாக இருந்தது. மேலே பார்த்தேன். கூரைத் தகரம் ஒன்று கழன்று போயிருந்தது. வாங்குகள் கறுத்து, ஊறிப்போய்க் கிடந்தன. ரெக்சின் கட்டின் ஒரு முனை திறந்து, அதற்குள் தண்ணீர் நின்றது.

அவள் கட்டைத் தூக்கி மண்டபத்துக்குக் கொண்டுவந்தாள். நான் கை வைக்கப் போனேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நாடாவை அவிழ்த்து மேடையில் விரித்தாள். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. நகத்தால் மெதுவாகப் பிரித்தாள். பிரித்த இடத்திலெல்லாம் தாள் தோல் போல உரிந்து வந்தது. கரி கரைந்து, ஒரு படத்தின் கழுத்து அடுத்த படத்தின் பையில் போய் அப்பியிருந்தது. இருபத்து மூன்றையும் பிரித்தாள். அவசரப்படவில்லை. நடுவில் இருந்த மூன்று மட்டும் ஓரளவுக்குத் தப்பியிருந்தன.

நான் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தேன். தகரம் இப்படிப் போகும் என்று யாருக்குத் தெரியும் என்றேன். செப்டம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றேன். அவள் தன் கையைப் பார்த்தாள். கரியும் தண்ணீரும் முழங்கை வரைக்கும் வழிந்திருந்தன.

"ஒவ்வொரு ஞாயிறா வரைஞ்சதுங்க" என்றாள்.

அவ்வளவுதான். அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அடுத்த நாள் கொழும்புப் பெண்மணிக்குப் போன் எடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். தன்னுடைய படங்கள் இன்னும் தயாராகவில்லை, இந்த முறை முடியாது, மன்னிக்க வேண்டும் என்று தட்டுத்தடுமாறிச் சிங்களத்தில் சொன்னாள். அவர் என்ன ஏதென்று கேட்டிருக்க வேண்டும். மழை என்றும் சொல்லவில்லை, என்னைப் பற்றியும் சொல்லவில்லை. தனக்கு நேரம் கிடைக்கவில்லை என்றாள். அவர் பிறகு கூப்பிடவேயில்லை.

தப்பிய மூன்று தாள்களையும் அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. குறும்படத்தை நான் பாதிவரை தொகுத்தேன். அதற்குப் பிறகு அதைத் திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஹட்டனுக்குப் போனபோது நல்ல தடித்த டிமைத் தாள் ஒரு கட்டு வாங்கி வந்து மேசையில் வைத்தேன். மேசையையும் காலி செய்து கொடுத்தேன். ஒரு மாதம் அது அப்படியே இருந்தது. பிறகு ஒருநாள் குசினிச் சுவரில் சாமான் வைக்கும் தட்டுகளில் விரித்திருந்த பழைய பத்திரிகையை எடுத்துவிட்டு அந்தத் தாள்களை வெட்டி விரித்திருந்தாள். சீனிப் போத்தலும் மிளகாய்த்தூள் போத்தலும் அதன்மேல் இருந்தன. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

அதற்குப் பிறகுதான் நான் முடிவெடுத்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வது என்று. ஆர்மோனியத்தைக் கோயிலுக்குக் கொடுத்தேன். கமெராவை ஹட்டனில் ஒரு ஸ்டூடியோக்காரரிடம் கொடுத்துவிட்டேன். நாடகக் குழுவைக் கூப்பிட்டு இனிமேல் இல்லை என்று சொன்னேன். குழுவில் பத்துப் பேர். பாதிப் பேர் கொழுந்தெடுக்கும் பெண்கள். அதில் கொஞ்சம் வயதான அக்கா ஒருவர் மட்டும் கடைசிவரை எழும்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"அப்ப ஞாயித்துக்கிழமை பின்னேரம் நாங்க எங்க போறது, சேர்?" என்று கேட்டார்.

நான் விட்டது நாடகத்தை என்று நினைத்திருந்தேன். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் அதற்குள் ஆட்கள் இருந்தது தெரிந்தது. ஆனாலும் முடிவை மாற்றவில்லை. எழுத்து மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டேன். அதை ஒரு தண்டனை போலவும் ஒரு காணிக்கை போலவும் என் மனைவியிடம் போய்ச் சொன்னேன். அவள் மகளின் சீருடைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"சரிங்க. ஆனா இதை நான் கேக்கலையே" என்றாள்.

எழுதினேன். தினமும் காலையில் பாடசாலைக்கு முன்னால் ஒரு மணி நேரம். ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ஆழம் தானாக வரும் என்று எதிர்பார்த்தேன். அப்படி வரவில்லை. நாடகம் போட்ட காலத்தில் ஆட்கள் பேசுவது காதில் விழுந்துகொண்டே இருந்தது. பஜனைக்குப் போன காலத்தில் பத்துத் தோட்டத்து மனிதர்களைத் தெரிந்திருந்தது. இப்போது ஜன்னலும் நானும்தான். எழுதிய வாக்கியங்கள் சுத்தமாக இருந்தன. உயிர் குறைவாக இருந்தது. அதையும் யாரிடமும் சொல்ல முடியவில்லை. இத்தனை பேரை நிறுத்திவிட்டு எடுத்த முடிவு அல்லவா.

நான் செய்த இரண்டாவது காரியம் இதைவிட மோசம் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

மகள் என்னைப் போலவே வளர்ந்தாள். பாடுவாள், ஆடுவாள், பேச்சுப் போட்டிக்குப் போவாள், கடதாசியில் பூ செய்வாள், வரைவாள். பாடசாலையில் எதற்குப் பெயர் கேட்டாலும் கை தூக்குவாள். பதின்மூன்று வயது. எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. இவளும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுவிட்டு, கடைசியில் ஒருவரின் வாழ்க்கையை நனைய விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். ஒருநாள் உட்காரவைத்துப் பேசினேன். ஒன்றை எடு, மற்றதை விடு என்றேன். எதை என்று கேட்டாள். யோசித்துச் சொல் என்று விட்டிருக்கலாம். நான் விடவில்லை. ஓவியம் என்று நானே சொன்னேன்.

அம்மாவின் கை அவளுக்கு இருக்கிறது என்று வெளியில் காரணம் சொன்னேன். உண்மையான காரணம் எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும். அவள் குசினியிலிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்றாள். கல்யாணமாகி அவ்வளவு வருடத்தில் அவள் குரல் மாறி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"என்னோடத எதுக்குங்க அவ தலையில வைக்கிறீங்க?"

அவளுடைய நல்லதுக்குத்தான் என்றேன். அவள் மகளைப் பார்த்தாள். மகள் என்னைப் பார்த்தாள். பரவாயில்லை, வரைகிறேன் என்றாள் மகள்.

ஒன்றரை வருடம் வரைந்தாள். நடன வகுப்பை நிறுத்தினேன். பாட்டுக் குழுவிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லி நானே ஆசிரியையிடம் பேசினேன். சனிக்கிழமைகளில் தலவாக்கலையில் ஓவிய வகுப்பு. வீட்டில் தினமும் ஒரு மணி நேரம். நான் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் ஒரு கோட்டை அவசரமாக இழுத்தால் திரும்ப இழுக்கச் சொல்வேன். இன்னும் சரியாக வரவில்லை என்பேன். அந்த வார்த்தையை எங்கிருந்து எடுத்தேன் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. என் மனைவி தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை நான் ஒரு பிள்ளைக்கு எதிராகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வித்தியாசம் அப்போது தெரியவில்லை. வீட்டில் மகள் வாயில் பாட்டு வருவது நின்றுபோனதையும் நான் கவனிக்கவில்லை. அவள் அம்மா கவனித்திருக்கிறாள்.

மாவட்டப் போட்டி நுவரெலியாவில் நடந்தது. மூன்று பேரும் போனோம். குளிர். பிள்ளைகளை ஒரு மண்டபத்துக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். இரண்டு மணி நேரம். நாங்கள் வெளியே ஒரு மதில் பக்கத்தில் நின்றோம். நேரம் முடிந்து பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். கையெல்லாம் வர்ணம். எங்கள் மகள் கடைசியாக வந்தாள். அவள் கை சுத்தமாக இருந்தது.

என்ன வரைந்தாய் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். எனக்கு விளங்கவில்லை. உள்ளே நின்ற ஆசிரியர் ஒருவர் வெளியே வந்து, பிள்ளைக்குச் சுகமில்லையா, இரண்டு மணி நேரமும் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அப்படியே பெயரை எழுதிக் கொடுத்துவிட்டாள் என்றார்.

நான் கோபப்படவில்லை. கோபம் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். நானு ஓயாவைத் தாண்டியதும் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

"கையைத் தூக்கப் பாத்தேன்மா. தூக்க ஏலாம போச்சு."

என் மனைவி அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வீடு வரும்வரை விடவில்லை.

அதற்குப் பிறகு மகள் வரையவில்லை. நான் மறுநாளே, சரி, ஆட்டத்துக்கே போ, பாட்டுக்கே போ என்றேன். போகவில்லை. எதற்கும் கை தூக்கவில்லை. உயர்தரத்தில் மூன்று பாடம் சித்தியடைந்தாள். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை. இன்னும் நான்கு பெண்களோடு ஒரு அறையில் தங்கியிருக்கிறாள். வீட்டுக்கு வரும்போது அமைதியாக வருவாள், உதவி செய்வாள், அமைதியாகப் போவாள்.

போன வருடம் ஒரு மழைநாளில் தோட்டத்தில் வேலை இல்லை. நான் பாடசாலையிலிருந்து கொஞ்சம் முன்னதாக வந்துவிட்டேன். என் மனைவி குசினித் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பழைய கலண்டர் தாள் ஒன்று, பின்பக்கம் மேலே தெரியும்படி. அதில் மூன்று பெண்கள். பின்கழுத்து, பை, கயிறு. நான்காவது ஆளின் இடத்தில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிறுக்கி, தாள் கிழிந்திருந்தது. நான் நிற்பதைப் பார்த்ததும் மறைக்கவில்லை. வலது கையை விரித்து, மடக்கி, மறுபடி விரித்துக் காட்டினாள். விரல்கள் முழுதாக மடங்கவில்லை. இத்தனை வருடம் கொழுந்து கிள்ளிய விரல்கள்.

"கை கேக்க மாட்டேங்குதுங்க" என்றாள். குறை சொல்வதுபோல இல்லை. மழை விடவில்லை என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

டாக்டரிடம் காட்டலாம், மருந்து இருக்கும் என்றேன். காட்டினோம். மருந்து கொடுத்தார்கள். வலி குறைந்தது.

எத்தனை கலையைப் பிடிக்க வேண்டும், எத்தனையை விட வேண்டும் என்று இப்போதும் பாடசாலையில் இளம் ஆசிரியர்கள் என்னிடம் கேட்பார்கள். நான் பலதையும் செய்து பிறகு ஒன்றில் நின்றவன் என்று அவர்களுக்குத் தெரியும். நல்ல பதில் ஒன்று சொல்வேன் என்று எதிர்பார்த்து நிற்பார்கள். ஐந்தைச் செய்தபோதும் ஒன்றைச் செய்தபோதும் நான் என்னை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எப்படி அவர்களிடம் சொல்வது? எனக்குத் தெரியாது என்றுதான் சொல்கிறேன். அடக்கத்தில் சொல்வதாக நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் காம்பராவில் எழுதிக்கொண்டிருந்தேன். இஸ்தோப்பில் என் மனைவி போனில் மகளோடு பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் போனைக் காதில் வைத்தால் சரியாகக் கேட்காது, ஸ்பீக்கரில்தான் போடுவாள். தங்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் யாரோ ஞாயிறுகளில் நடனம் பழக்குகிறார்களாம். கடையில் கூட வேலை செய்யும் பிள்ளை ஒன்று கூப்பிடுகிறதாம். அங்கேயே பாட்டும் நடக்கிறதாம். எதற்குப் போவது என்று தெரியவில்லை, இரண்டுக்கும் போகலாமா என்று மகள் கேட்டாள்.

"போ" என்றாள் என் மனைவி. "ரெண்டுக்கும் போ."

பிறகு மகள் கேட்டாள்.

"அப்பா என்னா சொல்வாரும்மா?"

என் மனைவி தலையைத் திருப்பிக் காம்பராப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினாள். ஆனாலும் லயத்து வீட்டில் எதுவும் கேட்காமல் போகாது.

"அப்பாகிட்ட சொல்ல வேணாம்" என்றாள்.

நான் பேனையைக் கீழே வைக்கவில்லை. வைத்தால் அந்தச் சத்தமும் கேட்டிருக்கும். அவர்கள் பேசி முடிக்கும்வரை, எழுதுகிறவன் போலத் தாளைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தேன்.